பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் அமெரிக்கக் குடியேற்ற மனு: ஒரு கேள்வியும் அதன் தொடர்ச்சியும்

கேள்வி, 2025 பிப்ரவரி 8

எனக்குப் போன மாதம் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அப்பா, அம்மா, திருமணமாகாத தங்கை (வயது 24) மூவரும் கும்பகோணத்தில் இருக்கிறார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே மனுவாகப் போட்டுவிட்டால் பெற்றோருடன் தங்கையும் கிரீன் கார்டில் வந்துவிடுவாள் என்று நண்பர் உறுதியாகச் சொல்கிறார். இது சரிதானா?

பதில், 2025 பிப்ரவரி 9

சரியன்று. ஒரே வீட்டில் வாழும் மூவரும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் ஒரே குடும்பமாகத் தெரிவதில்லை. 21 வயது நிறைந்த குடிமகனின் அப்பாவும் அம்மாவும் 'உடனடி உறவினர்' என்ற வகுப்பில் வருகிறார்கள். அந்த வகுப்புக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது என்பதால் அவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை; தாள்கள் நகரும் வேகத்தில் ஓரிரு ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த வகுப்பில் ஒருவருடைய மனுவைப் பற்றிக்கொண்டு இன்னொருவர் வர முடியாது. அப்பாவுக்குத் தனியாக ஓர் ஐ-130 (உறவினருக்கான மனுப் படிவம்), அம்மாவுக்குத் தனியாக ஓர் ஐ-130 போட வேண்டும். தங்கைக்குப் பத்து வயதே ஆகியிருந்தாலும் அவர்களோடு ஒட்டிக்கொண்டு வர வழியில்லை.

தங்கை சேர்வது உடன்பிறந்தோருக்கான எஃப்-4 வகுப்பில். அதற்கு உலகம் முழுவதற்குமாக ஆண்டுக்கு 65,000 விசாக்கள்தான். அதிலும் எந்த நாட்டுக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு வேறு. ஒவ்வொரு மாதமும் வெளியாகும் விசா புல்லட்டினில் இந்திய எஃப்-4 2025 தொடக்கத்தில் 2006இல் நின்றது. அந்த ஆண்டில் மனுப் போட்டவர்களைத்தான் அப்போது அழைத்தார்கள்.

குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டோடு இருப்பவர் பெற்றோருக்கும் மனுச் செய்ய முடியாது, உடன்பிறந்தோருக்கும் முடியாது. அந்த வகையில் உங்களுக்கு வாசல் திறந்திருக்கிறது. உள்ளே இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன என்பதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். "மூவரும் வந்துவிடுவோம்" என்று நம்பி வீட்டை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

2025 பிப்ரவரி 10

கட்டணம் கேட்டிருந்தார்கள். ஐ-130 இணையத்தில் போட்டால் 625 டாலர், தாளில் போட்டால் 675 டாலர். இது ஒரு மனுவுக்கு. பின்னால் விசாவுக்காகத் தலைக்கு 325 டாலர். விசா கையில் வந்த பிறகு கார்டு அச்சிட 235 டாலர். வழக்கறிஞர் வேண்டுமா என்றால், பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக இருக்கும் பெற்றோர் மனுவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பழைய விசா மறுப்பு, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியது, தத்து, இரண்டாம் திருமணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தயங்காமல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

2025 பிப்ரவரி 15

இந்த வேலையில் உண்மையான பாடு படிவத்தில் இல்லை, ஊர்ப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மாவுக்கான மனுவுடன் உங்கள் பிறப்புச் சான்றிதழ் போக வேண்டும். அதில் உங்கள் பெயரும் அம்மாவின் பெயரும் இருக்க வேண்டும். அப்பாவுக்கான மனுவுக்கு அது மட்டும் போதாது, அப்பா அம்மாவின் திருமணச் சான்றிதழும் கூடவே வேண்டும். தங்கைக்கு என்றால் இருவருடைய பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். இரண்டிலும் ஒரே பெற்றோரின் பெயர் தெரிய வேண்டும்.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கத்தில் அம்மாச்சி வீட்டில். தாய்மாமா போய் கிராம அலுவலரிடம் சொல்லிப் பதிந்திருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பதிவின் நகல் கைக்கு வந்தபோது குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. பாலினம் என்ற இடத்தில் 'ஆண்' என்று மட்டும் எழுதியிருந்தது. அப்பாவின் பெயர் தலைப்பெழுத்து இல்லாமல் இருந்தது. அம்மாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஊரில் எல்லோரும் அவரை அழைக்கும் 'பாப்பா' என்ற பெயர். அம்மாவின் கடவுச்சீட்டில் இருப்பதோ ராஜலட்சுமி. பதிந்தவர்மீது குற்றம் சொல்ல எதுவும் இல்லை. தம் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று மாமா சொன்னார். எழுதுபவர் தமக்குத் தெரிந்த பெயரை எழுதிக்கொண்டார்.

இப்படி இருந்தால் செய்ய வேண்டியவை இவை. முதலில் பதிவாளரிடம் பெயர் சேர்க்க விண்ணப்பித்துப் பெயருடன் புதிய சான்றிதழ் வாங்க வேண்டும். பெற்றோர் பெயரில் வேறுபாடு இருந்தால், 'இன்னாரும் இன்னாரும் ஒருவரே' என்று விவரம் அறிந்த மூத்த உறவினர் இருவர் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பிறந்தபோது அவர்களுக்கு என்ன வயது, உங்களுக்கு என்ன உறவு, பிறப்பை எப்படி அறிந்தார்கள் என்பதெல்லாம் அதில் தெளிவாக வர வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பழைய குடும்ப அட்டை ஆகியவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். பதிவே இல்லையென்றால், பதிவு இல்லை என்பதற்கே அலுவலகம் ஒரு சான்று தரும். அதை வாங்கி, அதன் மேல் இந்த ஆவணங்களை அடுக்க வேண்டும்.

பதிவு இல்லாதவர்கள் நடுவர் ஆணை பெற்று இப்போது புதிதாகப் பதிந்துகொள்வதும் உண்டு. பிறந்து ஓராண்டு கடந்த பதிவுக்கு அதுதான் சட்ட வழி. ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்துப் பதிந்த சான்றிதழை மட்டும் தனியே அனுப்பினால் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வரும், மனு சில மாதங்கள் அங்கேயே நின்றுவிடும். புதுச் சான்றிதழுடன் பழைய பள்ளி ஆவணங்களையும் முதல் நாளே வைத்து அனுப்பிவிடுங்கள்.

தமிழில் உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரு மொழியும் அறிந்தவர், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி முத்திரை தேவையில்லை.

2025 பிப்ரவரி 16

நேற்றைய குறிப்பில் திருமணச் சான்றிதழை ஒரு வரியில் கடந்துவிட்டேன். அதற்குத்தான் அதிகம் பேர் திண்டாடுகிறார்கள். கோயிலிலோ வீட்டுப் பந்தலிலோ 1970களில் நடந்த திருமணத்தை யாரும் பதிந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009இல்தான் வந்தது. பழைய திருமணத்தையும் இப்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். ஆனால் திருமணம் நடந்தது அன்றுதான் என்பதற்குத் துணைச் சான்றுகள் தேவை.

எங்கள் வீட்டில் அத்தை ஒருவர் தம் டிரங்குப் பெட்டியின் அடியில் என் பெற்றோரின் திருமணப் பத்திரிகை ஒன்றை வைத்திருந்தார். நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறி, தாள் மடிப்பில் கிழிந்து, பின்பக்கத்தில் யாரோ மொய்க் கணக்கு எழுதியிருந்த பத்திரிகை. முகூர்த்த நாளும் இரு வீட்டார் பெயரும் அதில் தெளிவாக இருந்தன. தாலி கட்டும் புகைப்படத்தையும் திருமணத்துக்கு வந்திருந்த இரண்டு பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரத்தையும் அதனுடன் சேர்த்து அனுப்பினோம். கேள்வி எதுவும் வரவில்லை. ஆகவே இப்போதே சித்தி, அத்தை, பெரியம்மா எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லிப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். சாட்சி சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

இன்னொன்று. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால், இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. ('முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம்) என்று விசாவில் அடித்துவிடுவார்கள். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், மருத்துவமனை எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர் அதுவாகவே இருக்கும். தலைப்பெழுத்தை விரித்துக் கடவுச்சீட்டைத் திருத்த இதுவே நேரம். விசாப் படிவம் நிரப்பிய பிறகு மாற்றினால் எல்லாத் தாள்களும் ஒன்றோடொன்று முரண்படும்.

2025 பிப்ரவரி 22

தத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பிள்ளையில்லாத பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர். வளர்த்தவர்களுக்கு மனுப் போட முடியுமா என்கிறார். சட்டப்படியான தத்தெடுப்பு, பொதுவாக 16 வயதுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். வளர்த்தவர்களின் பொறுப்பில் இரண்டாண்டுகளாவது இருந்திருக்க வேண்டும். உறவுக்குள் வாய்ச்சொல்லாகக் கொடுத்து வாங்கியதைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை. அதே வேளையில், சட்டப்படி தத்துப் போய், அந்தத் தத்தின் வழியாகக் குடியேற்ற உரிமை பெற்ற பிள்ளை, பெற்ற தாய் தந்தைக்கு மனுச் செய்ய முடியாது. இது நெஞ்சை அறுக்கும் விதி. எந்தப் பக்கமாக இருந்தாலும் இவருக்கு வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும்.

மாற்றாந்தாய்க்கு மனுப் போடலாம், உங்களுக்கு 18 வயது ஆவதற்கு முன் அப்பாவுடன் அவருக்குத் திருமணம் நடந்திருந்தால்.

2025 மார்ச் 2

வருமானத்தைப் பற்றி. ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழியை மனுதாரர் கையெழுத்திட வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் இது நீதிமன்றத்தில் செல்லக்கூடிய ஒப்பந்தமாகிவிட்டது. வறுமை வரம்பின் 125 விழுக்காடு வருமானம் காட்ட வேண்டும். வீட்டில் நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், வரப்போகும் அப்பா, அம்மா என்று ஆறு பேர் என்றால் 2025ஆம் ஆண்டுக் கணக்கில் அது 53,937 டாலராக இருந்தது. வருமானம் குறைந்தால் சொத்தைக் காட்டலாம். ஆனால் பெற்றோர் மனுவில் குறையும் தொகையைப் போல் ஐந்து மடங்கு சொத்துக் காட்ட வேண்டும். அல்லது அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ இணை ஆதரவாளராகக் கையெழுத்திடலாம்.

அந்த இணைக் கையெழுத்தை நண்பரிடம் கேட்பவர்களுக்கு ஒரு சொல். அந்தக் கடமை, வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது நாற்பது காலாண்டு (சுமார் பத்தாண்டு) உழைப்பு அவர் கணக்கில் சேரும்வரை, அல்லது அவர் கிரீன் கார்டைத் துறந்து நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகும்வரை, அல்லது இறக்கும்வரை நீடிக்கும். எழுபது வயதில் வந்து வேலைக்குப் போகாத பெற்றோருக்கு இது நடைமுறையில் ஆயுள் ஒப்பந்தம். நட்பு முறிந்தாலும் கையெழுத்து முறியாது. கேட்கும்போதே இதைச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் நாணயம்.

சென்னைக்குத் திரும்பிவிட்ட குடிமக்கள் சிலரும் எழுதியிருந்தார்கள். உறுதிமொழி தருபவரின் வசிப்பிடம் அமெரிக்காவாக இருக்க வேண்டும்; குறைந்தது, பெற்றோர் போய்ச் சேரும் நாளுக்குள் தாமும் அங்கே குடியேறப் போவதை வேலை, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றால் காட்ட வேண்டும்.

2025 மார்ச் 9

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். பெற்றோர் கிரீன் கார்டு பெற்ற பிறகு அவர்களே தங்கைக்கு மனுப் போடலாமே, அது விரைவாயிற்றே என்கிறார். உண்மை. கிரீன் கார்டு உள்ளவர், 21 வயது கடந்த திருமணமாகாத பிள்ளைக்கு எஃப்-2பி வகுப்பில் மனுச் செய்யலாம். அந்த வரிசை 2025 தொடக்கத்தில் 2016இல் நின்றது. எஃப்-4உடன் ஒப்பிட்டால் பத்தாண்டுகள் குறைவு.

ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் திருமணமான பிள்ளைக்கு மனுச் செய்ய எந்த வகுப்பும் இல்லை. எஃப்-2பி மனு நிலுவையில் இருக்கும்போது தங்கைக்குத் திருமணமானால் அந்த மனு அன்றே செத்துவிடும். பின்னால் மணமுறிவு ஏற்பட்டாலும் அது உயிர்பெறாது. பெற்றோரில் மனுச் செய்தவர் முதலில் குடியுரிமை பெற்று, அதன் பிறகு தங்கைக்குத் திருமணம் நடந்தால் மட்டும் மனு, குடிமக்களின் திருமணமான பிள்ளைகளுக்கான எஃப்-3 வகுப்புக்கு மாறி, பழைய முன்னுரிமைத் தேதியோடு (வரிசையில் இடத்தைத் தீர்மானிக்கும் நாள்) தொடரும்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தங்கையின் திருமணத்தைத் தள்ளிப்போடலாமா?" என்று கேட்காதீர்கள். 24 வயதுப் பெண்ணின் வாழ்க்கையை ஒரு புல்லட்டினின் தேதிக்காக நிறுத்திவைப்பதை என்னால் எந்தக் கணக்கிலும் ஏற்க முடியவில்லை. பெற்றோர் 2027இல் வந்து அவ்வாண்டே மனுப் போட்டாலும், ஐந்தாண்டு வசிப்புக்குப் பிறகுதான் அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். அப்போது தங்கைக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். வரன் வந்து, அவளுக்கும் விருப்பம் இருந்தால், திருமணத்தை நடத்துங்கள்.

என் யோசனை இதுதான்: நீங்கள் இன்றே எஃப்-4 மனுவைப் போட்டுவிடுங்கள். அது திருமணத்தால் சாகாது. அவள் கணவரும் 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளும் அதே மனுவில் வரலாம். மனு குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் முன்னுரிமைத் தேதி, ஒப்புதலான நாளன்று. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் வரிசையின் கடைசியில் கூடும். வருமானக் கணக்கெல்லாம் விசா நெருங்கும்போதுதான் கேட்பார்கள், இப்போது அன்று. பெற்றோர் வந்த பிறகு எஃப்-2பியும் போடலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லை.

ஆனால் எஃப்-4 மனுவைப் போட்டுவிட்டு, அதையே தங்கையின் எதிர்காலம் என்று நினைக்க வேண்டாம். அவள் வேலை, படிப்பு, வீடு எல்லாவற்றையும் அந்த மனு இல்லை என்பதாகவே திட்டமிடட்டும்.

2025 மார்ச் 11

ஒரு பின்விளைவு. குடியேற்ற மனு ஒன்று நிலுவையில் இருப்பவர் சுற்றுலா விசாவுக்குப் போனால், படிவத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். திரும்பி வருவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். மனு அந்த நம்பிக்கைக்கு எதிராக நிற்கும். தங்கையோ பெற்றோரோ அடுத்த ஆண்டு பேறுகாலத்துக்கோ பட்டமளிப்புக்கோ வர வேண்டியிருந்தால் விசாவை முதலில் வாங்கிக்கொள்வது நலம். உண்மையை மறைப்பது மட்டும் கூடாது. பொய் சொன்னதாகப் பதிந்துவிட்டால் குடியேற்ற விசாவும் அதோடு போய்விடும்.

2025 ஏப்ரல் 6

நேர்காணல் சென்னையில் இல்லை. சுற்றுலா விசாவுக்குச் சென்னைத் தூதரகத்துக்குப் போய்ப் பழகியவர்கள் இதைக் கேட்டதும் திகைப்பார்கள். தமிழ்நாட்டுப் பெற்றோர் குடியேற்ற விசாவுக்கு மும்பைக்குப் போக வேண்டும். தூதரகம் பாந்திரா குர்லா வளாகத்தில் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனையை மட்டும் சென்னையிலேயே, தூதரகம் ஏற்ற மருத்துவரிடம் முடித்துக்கொள்ளலாம்.

அந்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு தெரிந்தாலும் சளி மாதிரி எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்வார்கள். அதன் முடிவு வர எட்டு வாரம் ஆகும். நம் பெற்றோர் தலைமுறையில் இந்தத் தழும்பு அரிதன்று. பயணச்சீட்டு வாங்கிவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போகாதீர்கள். மருத்துவ அறிக்கை பொதுவாக ஆறு மாதமே செல்லும், விசாவின் காலமும் அதோடு முடிந்துவிடும். எனவே மிகவும் முந்துவதும் கூடாது.

காவல்துறைத் தடையின்மைச் சான்று கடவுச்சீட்டு அலுவலகத்தில் வாங்க வேண்டும். நேர்காணலில் எங்கள் அப்பாவிடம் கேட்டவை: மகன் என்ன வேலை செய்கிறார், பேரப்பிள்ளைகள் பெயர் என்ன, அங்கே எங்கே தங்குவீர்கள். தமிழில் பேச ஏற்பாடு உண்டா என்று தயங்க வேண்டாம், தமிழில் பேச வேண்டும் என்று சொன்னால் போதும். அப்பா தமிழில்தான் பதில் சொன்னார்.

அதிகாரி வயது, உடல்நலம், சொத்து, கல்வி எல்லாவற்றையும் சேர்த்து, இவர் அரசுக்குச் சுமையாவாரா என்று பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. வருமானம் விளிம்பில் இருப்பவர்கள் காப்பீட்டுத் திட்டம் ஒன்றின் விவரத்தையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.

2025 மே 18

வந்த பிறகு என்ன? முதல் கவலை மருத்துவம். கிரீன் கார்டோடு ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்த 65 வயதினர், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேரலாம். உழைப்புக் கணக்கே இல்லாதவருக்கு 2025இல் மருத்துவமனைப் பகுதிக்கு மாதம் 518 டாலராகவும் மருத்துவர் பகுதிக்கு 185 டாலராகவும் இருந்தது. இருவருக்கு அதைப்போல் இரு மடங்கு. அந்த ஐந்தாண்டு வரை அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் கிடைக்கும் தனியார் காப்பீட்டை வாங்க வேண்டும். அதற்குக் காத்திருப்புக் காலம் இல்லை, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயைக் காட்டி மறுக்கவும் முடியாது. ஆனால் வந்து அறுபது நாளுக்குள் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் ஆண்டு இறுதிச் சேர்க்கைக்காகக் காத்திருக்க நேரும். பயணிகளுக்கான காப்பீட்டை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதன் விலக்குப் பட்டியலை ஒருமுறை படியுங்கள்.

இரண்டாவது, வரி. கிரீன் கார்டு பெற்ற நாளிலிருந்து அப்பாவின் ஓய்வூதியம், வைப்புநிதி வட்டி, ஊர் வீட்டு வாடகை எல்லாம் அமெரிக்க வரிப் படிவத்தில் வர வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஏதேனும் ஒரு நாள் 10,000 டாலரைக் கடந்தாலும் எஃப்பார் அறிக்கை தனியே போட வேண்டும். இது வரியன்று, அறிவிப்புத்தான். தவறினால் வரும் தண்டம் பெரிது. இந்தியாவில் வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்காக மாற்ற வேண்டும். அரசு ஓய்வூதியர் ஆண்டு நேர்காணலுக்கு ஊருக்குப் போக முடியாவிட்டால் இந்தியத் தூதரக அதிகாரியிடம் வாழ்நாள் சான்று பெற்று அனுப்பலாம்.

2025 ஜூன் 14

இதுவரை எழுதியதெல்லாம் எப்படி வரவழைப்பது என்பதைப் பற்றி. வர வேண்டுமா என்பதை நான் தொடவில்லை. தொடாமல் விட்டது உறுத்துகிறது.

என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் விடிந்ததும் கடைத்தெருவுக்கு நடந்து, தேநீர்க் கடை பெஞ்சில் தினமணியை விரித்து, நான்கு பழைய மாணவர்களிடம் பேசிவிட்டுத் திரும்புபவர். நியூ ஜெர்சியில் ஜனவரி மாதம் எங்கள் குடியிருப்பில், காலை எட்டு மணிக்கு நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, மாலை வரை அவர் பேசுவதற்கு அம்மாவைத் தவிர யாரும் இல்லை. கார் ஓட்டத் தெரியாத ஒருவருக்கு இங்கே கால் இல்லாதது போல. அம்மாவுக்கு இது வேறு மாதிரி இருந்தது. பேத்திக்குத் தலை வாரிவிடுவதும், கோயிலில் பிரசாதம் செய்யும் பெண்களோடு சேர்ந்து கைவேலை பார்ப்பதுமாக அவர் ஒன்றிப்போனார். ஒரே வீட்டில் இருவருக்கும் இரண்டு விதமான அமெரிக்கா.

அப்பா ஒருநாள், "தம்பி, உனக்காக வந்தேன், எனக்காக நான் ஊரில் இருக்கணும்" என்றார். கிரீன் கார்டு வாங்கித் தந்தது பிள்ளையின் கடமை என்றே நான் எண்ணியிருந்தேன். அது கடமைதான், அவர்கள் கேட்டால். இப்போது யார் என்னிடம் கேட்டாலும், படிவத்துக்கு முன்னால் இருவரிடமும் தனித்தனியாகப் பேசச் சொல்கிறேன். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால், ஒருவர் மற்றவருக்காகத் தலையாட்டிவிடுவார். ஒரு குளிர்காலம் முழுவதும் சுற்றுலா விசாவில் வந்து இருந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் வந்து நயாகரா பார்த்துத் திரும்பியவர்களின் விருப்பத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

ஆண்டுக்கு ஐந்து மாதம் வந்து போகத்தான் விருப்பமென்றால் சுற்றுலா விசாவே போதும். கிரீன் கார்டு என்பது இங்கே வசிப்பதற்கான உரிமை, வந்து போவதற்கான சீட்டன்று. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைக்கான தொடர்ச்சி கேள்விக்குள்ளாகும். ஓராண்டு தாண்டினால் கார்டை வைத்துக்கொண்டு திரும்ப நுழைய முடியாது. ஊரில் நீண்ட நாள் இருக்க வேண்டியிருந்தால் புறப்படும் முன்பே, இங்கே இருக்கும்போதே, மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது இரண்டாண்டு வரை செல்லும். அப்பாவுக்கு அதைத்தான் செய்தோம்.

2025 ஜூன் 15

நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர், "ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இரவில் நெஞ்சு வலித்தால் யார் பார்ப்பது? விருப்பம் என்பதெல்லாம் வசதியுள்ளவர் பேச்சு" என்று கடுமையாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரே பிள்ளை, கணவரை இழந்த தாய், ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் என் தராசு மறுபக்கம் சாயும். பாதுகாப்பு முதலில் வரட்டும். அப்போதும், வரும் வீட்டில் பகலில் பேச ஆள், நடந்து போகும் தொலைவில் ஒரு கோயிலோ கடையோ, தமக்கென்று ஓர் அறை, கையில் தம் பணம் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டு அழைத்து வாருங்கள்.

2025 ஜூன் 29

சுற்றுலா விசாவில் வந்து இங்கேயே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிடலாமா? முறையாகச் சோதிக்கப்பட்டு நாட்டுக்குள் நுழைந்த பெற்றோர் இங்கிருந்தே ஐ-485 போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் தங்கிவிடும் எண்ணத்தோடு, அதை மறைத்துச் சுற்றுலா என்று சொல்லி நுழைவது பொய்யுரை. வந்த பின் உடல்நலமோ சூழ்நிலையோ மாறி மனம் மாறுவது வேறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அதிகாரி தேதிகளை வைத்தே கணிப்பார். இன்னொரு தொல்லையும் உண்டு: விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் பயண அனுமதி பெறாமல் ஊருக்குப் போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஊரில் ஒரு சாவு விழுந்தாலும் உடனே கிளம்ப முடியாமல் தவித்த குடும்பம் ஒன்றை அருகிலிருந்து பார்த்தேன். மும்பை வழி நேரான வழி.

2025 ஜூலை 20

"வயதானவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வில் ஆங்கிலம் கிடையாதாமே?" பாதிதான் உண்மை. 50 வயதுடன் கிரீன் கார்டில் 20 ஆண்டு, அல்லது 55 வயதுடன் 15 ஆண்டு வசித்திருந்தால்தான் ஆங்கிலத் தேர்வு விலக்கு. 66 வயதில் வந்த அம்மாவுக்கு அந்த விலக்கு 81 வயதில்தான் கிடைக்கும். மறதி நோய் போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவர் நிரப்பும் என்-648 படிவத்தால் விலக்குக் கேட்கலாம். இல்லையென்றால் படிக்க வேண்டியதுதான். பல ஊர் நூலகங்களில் இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறது. அம்மா அங்கே போகத் தொடங்கிய பிறகுதான் தாமே மருந்துக் கடையில் பேசினார். தேர்வை விட்டுவிட்டாலும் அந்த வகுப்பு ஒன்றே அவருக்குப் பெரிய துணை.

2025 ஆகஸ்ட் 10

கேள்வி கேட்டவர் பெற்றோருக்கு இரண்டும் தங்கைக்கு ஒன்றுமாக மூன்று மனுக்களையும் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. நீண்ட வரிசையில் நிற்கும் மூன்றாவது மனுவுக்காகச் சில செய்திகள்.

மனுதாரர் இடையில் இறந்துவிட்டால் மனு தானாக ரத்தாகிவிடும். பயனாளி அப்போது அமெரிக்காவில் வசித்தால் ஒரு பாதுகாப்பு உண்டு. ஊரில் இருப்பவருக்கு, ஏற்கெனவே ஒப்புதலான மனுவை மனிதநேய அடிப்படையில் மீட்டுத் தரும்படி கேட்கலாம். மாற்று ஆதரவாளராக நெருங்கிய உறவினர் ஒருவர் வேண்டும். அது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. ஒப்புதல் ஆகாத மனுவுக்கு அந்த வழியும் இல்லை.

தங்கைக்குப் பின்னாளில் பிறக்கும் பிள்ளைகள் 21 வயதைத் தாண்டிவிட்டால் மனுவிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கொஞ்சம் கைகொடுக்கிறது: மனு ஒப்புதலுக்காகக் குடியேற்றத் துறையிடம் கிடந்த காலத்தை, விசா கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து கழிப்பார்கள். மனு ஒப்புதலாக எட்டு ஆண்டு ஆனால் எட்டு ஆண்டு கழியும். ஆகவே எஃப்-4 மனு மெதுவாக நகர்கிறதே என்று விரைவுபடுத்தக் கேட்காதீர்கள். வரிசை எப்படியும் நகரப்போவதில்லை, அந்தத் தாமதம் பிள்ளைகளுக்குச் சேமிப்பு.

ஐ-797 ஏற்புச் சீட்டின் நகல் ஒன்று தங்கையிடமும் இருக்கட்டும். வீடு மாறும்போதெல்லாம் குடியேற்றத் துறைக்கு முகவரியைத் தெரிவித்துவிடுங்கள். ஒப்புதலாகிக் கோப்பு அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போன பிறகு அங்கேயும் தெரிவிக்க வேண்டும். முறை வந்ததும் விசா மையத்திலிருந்து அறிவிப்பு வரும். அதன் பின் ஓராண்டு முழுவதும் எதுவும் செய்யாமல் இருந்தால் மனுவை முடித்துவிடும் நடவடிக்கை தொடங்கும். அலுவலக மின்னஞ்சலை அதில் கொடுக்க வேண்டாம், இருபது ஆண்டு கழித்தும் இருக்கக்கூடிய சொந்த முகவரியையும் தங்கையுடையதையும் கொடுங்கள்.